வானத்துக்கும் வேலி

பள்ளிக்கூடத்துப் பூகோள உருண்டை ஒன்று கைவசம் இருந்தால், ஒரு நூலை எடுத்து அதன் ஒரு முனையைப் பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியிலும் மறு முனையை ஜப்பானின் டோக்கியோவிலும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் ருஷ்யாவின் வடபகுதியிலும் சைபீரியாவிலும் படிந்து போகும். (சுவரில் மாட்டும் தேசப்படத்தில் இது தெரியாது, அது தட்டை.) இரு நகரங்களின் விமான நிலையங்களுக்கும் இடையே உள்ள தூரம் அந்த நூலின் கணக்குத்தான், ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர். ஒன்பதரை மணி நேரப் பிரயாணம்.

2022 மார்ச் மாதத்தில் அதே பிரயாணத்துக்குப் பதின்மூன்று மணி நேரம் பிடிக்கலாயிற்று. பூமி பெருத்துவிட்டதா? விமானம் கிழடு தட்டிவிட்டதா? இரண்டும் இல்லை. உக்ரெய்ன் மீது ருஷ்யா படையெடுத்தது. ஐரோப்பிய நாடுகள் ருஷ்ய விமானங்களுக்குத் தங்கள் வானத்தை அடைத்தன. பதிலுக்கு ருஷ்யாவும் அடைத்தது. பின்லாந்து விமானங்கள் வட துருவத்தின் மேலாகவோ, தெற்கே மத்திய ஆசியா வழியாகவோ சுற்றிப் போயின. துருவத்தைக் கடந்த பிரயாணிகளுக்கு ஒரு நற்சாட்சிப் பத்திரம் கொடுத்தார்கள். மூன்றரை மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்ததற்குக் கூலி!

வேடிக்கை என்னவென்றால், இது புது வழியே அல்ல. 1983-ல் இந்த இரு நகரங்களுக்கிடையே நடுவில் இறங்காமல் விமானம் விடத் தொடங்கியபோதும், சோவியத் நாட்டின் மேலே பறக்காமல் துருவத்தின் வழியாகத்தான் போனார்கள். அன்றும் ஏறக்குறைய பதின்மூன்று மணி நேரந்தான். நாற்பது வருஷத்து முன்னேற்றம் ஓர் உத்தரவில் கரைந்தது.

நேரம் போகிறது, பெட்ரோல் போகிறது, கட்டணம் ஏறுகிறது என்று குறை சொல்லுகிறவர்கள் உண்டு. அவர்களோடு சேர எனக்கு மனமில்லை. 2014 ஜூலை 17-ஆம் தேதியை மறக்க முடியுமா? ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட மலேசிய விமானம் கிழக்கு உக்ரெய்னின் மேல் போய்க்கொண்டிருந்தது. கீழே சண்டை. 32,000 அடிக்குக் கீழே பறக்கத் தடை. அதற்கு மேலே தாராளம். விமானம் 33,000 அடியில் பறந்தது. ஏவுகணைக்கு இந்த ஆயிரம் அடி ஒரு பொருட்டா? 298 உயிர்கள் போயின. அன்று வானத்தை மூடும் வரையில் 160 பிரயாணி விமானங்கள் அதே பகுதியின் மேல் பறந்திருந்தன என்று டச்சு விசாரணையில் வெளியாயிற்று. அவற்றில் இருந்தவர்களில் எத்தனை பேருக்குத் தாங்கள் எதன் மேல் போகிறோம் என்று தெரிந்திருக்கும்?

டிக்கெட்டில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அச்சாகின்றன. எந்த நாடுகளின் மேலாகப் போகும் என்று ஒரு வரி சேர்த்தால் என்ன மை செலவாகிவிடும்? காற்றையும் மேகத்தையும் பார்த்து வழி மாறும், முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பார்கள். மேகத்தைச் சொல்ல முடியாதுதான். யுத்தம் நடக்கும் பூமியின் மேல் போகமாட்டோம் என்று சொல்லலாமே!