வரைபடத்தை இழுக்காதீர்கள்

எங்கேயாவது காணிப் பிரச்சினை எண்டால் போதும், யாராவது பழைய வரைபடத்தை ஸ்கான் பண்ணி, சற்றலைட் படத்துக்கு மேல போட்டு, "பாருங்கோ, எல்லையைத் தள்ளிப்போட்டாங்கள்" எண்டு பகிர்ந்துவிடுகிறார்கள். கோபம் நியாயமானது. அந்தப் படம் சாட்சியாகாது என்கிறோம்.

இரண்டும் பொருந்தவில்லையென்றால், தாள் எந்த ஆள்கூற்று முறையில் வரையப்பட்டது என்று முதலில் கேட்கவேண்டும். நில அளவைத் திணைக்களத்தின் பழைய 1:50,000 தாள்கள் கந்தவல டேற்றத்தில் உள்ளவை. ஜிபிஎஸ் பாவிப்பது டபிள்யூஜிஎஸ் 84. இந்த மாற்றத்தைச் செய்யாமல் விட்டால் குளம், கோயில், எல்லை எல்லாமே 200 மீற்றருக்கு மேல் விலகி நிற்கும். ஒருத்தரும் எதையும் நகர்த்தியிருக்கத் தேவையில்லை.

இன்னொன்று, பழைய தேசியக் கட்டம் பிதுருதலாகலையை 200,000, 200,000 என்று எண்ணுகிறது. 1999ஆம் ஆண்டுக் கட்டம் 500,000, 500,000 என்கிறது. மாறித் தெரிவுசெய்தால் யாழ்ப்பாணம் கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலுக்குள் விழும். அது பரவாயில்லை, பார்த்தவுடனே பிழை எண்டு தெரியும். 200 மீற்றர்ப் பிழைதான் ஆபத்து, அது உண்மை மாதிரியே இருக்கும்.

இதைத் திருத்தாமல் நம்மாட்கள் செய்வது என்ன? ரோட்டுச் சந்தி, குளக்கட்டு எண்டு புள்ளிகளைக் குத்தி, தின் பிளேற் ஸ்ப்ளைனில் படத்தை இழுத்துப் பொருத்துவது. பிறகு "பிழை பூச்சியம்" எண்டு பெருமை! அந்த முறை குத்திய புள்ளிகளுக்கூடாகத்தான் போகும்; பூச்சியம் வராமல் வேறென்ன வரும்? புள்ளிகளுக்கு இடையில் தாள் எப்படி முறுகியிருக்குது எண்டு அது சொல்லாது.

தாளில் அச்சிட்ட கட்டக்கோடுகள் வெட்டும் இடங்களைக் குறியுங்கள். அதிலுள்ள எண்களையே, அந்தத் தாளின் முறையிலேயே கொடுங்கள். எளிய உருமாற்றம் போதும். சில புள்ளிகளைச் சரிபார்க்க ஒதுக்கி வையுங்கள். டபிள்யூஜிஎஸ் 84க்கு மாற்றுவது அதற்குப் பிறகுதான்.

இவ்வளவு செய்தாலும், 1:50,000 தாளில் அரை மில்லிமீற்றர்க் கோடு தரையில் 25 மீற்றர். பத்து மீற்றர் வேலிச் சண்டையை அதில் தீர்க்கேலாது. அதுக்கு உறுதியும் நில அளவைப் படமும் வேணும்.

எதிர்த்தரப்பு ஒரு நில அளவையாளரைக் கூட்டிவந்து அந்த 200 மீற்றரைக் காட்டினால், படத்தோடு சேர்த்து உண்மையாய்க் காணி இழந்த சனத்தின் முறைப்பாடும் தூக்கியெறியப்படும். ஆள்கூற்று முறை, புள்ளிகள், பிழை அளவு மூன்றையும் படத்தின் கீழ் எழுதுங்கள். எழுதேலாட்டில் பகிராதீர்கள்.