கோட்டுக்கு எண்ணெய்க் குளியல் வேணாம் மக்கா!

ஜூன் பிறந்தா போதும், தென்காசிப் பக்கம் கேம்பஸ்ல ரெண்டே கேள்விதான். "பேரருவியில தண்ணி விழுதாலே?", "என் ரெயின் கோட்டை எங்கலே வச்சேன்?" முதல் கேள்விக்கு ஊரே பதில் சொல்லும். ரெண்டாவதுக்கான பதில், போன வருஷம் சுருட்டித் திணிச்ச பைக்குள்ள பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டுக் கிடக்கும். சீசனுக்கு ஒரு கோட்டு வாங்க நம்ம பாக்கெட் மணி தாங்குமா பாஸ்?

முதல்ல லேபிளைப் பாருங்க. பிளாட்பாரக் கடையில தொங்குறது பெரும்பாலும் பிவிசி, இல்லேன்னா பூச்சு கொடுத்த நைலான். துணி மேல நிஜ ரப்பர் ஏத்தினது தனி ரகம். 1823-ல் ஸ்காட்லாந்துக்காரர் சார்லஸ் மாக்கின்டாஷ், ரப்பரை நாப்தாவில் கரைச்சு ரெண்டு துணிக்கு நடுவுல தடவி காப்புரிமை வாங்கினார். அது வெயில்ல இளகும், குளிர்ல விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினா அந்தச் சங்கடம் தீரும்னு 1839-ல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் கண்டுபிடிச்சார். நம்ம நாட்டுல 'டக்பேக்' கோட்டுக்குப் பேர் வாங்கின பெங்கால் வாட்டர்புரூஃப் கம்பெனி, சுரேந்திர மோகன் போஸ் 1920-ல் கல்கத்தாவில் தொடங்கினது. தாத்தா வீட்டுப் பரண்ல அப்படி ஒண்ணு கிடந்தா பழைய சாமான்காரருக்குப் போட்டுடாதீங்க!

செங்கோட்டையில ரயிலேறி மலையைத் தாண்டினா, புனலூர் பக்கம் ரப்பர் தோட்டம்தான். மழைக்காலத்துல பால் வெட்டுற இடத்துக்கு மேல பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருப்பாங்க. கோட்டு கொடுக்குற மரத்துக்கே ஒரு கோட்டு!

குற்றாலம்னா எண்ணெய்த் தேய்ப்பு. அங்கதான் வம்பு. தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ, ரப்பருக்குள்ள ஊறினா அது உப்பிப் பலம் இழந்துடும். மசாஜ் முடிச்ச உடம்போட கோட்டை மாட்டாதீங்க. தலை நிறைய எண்ணெய் வச்சுக்கிட்டு தொப்பியை இழுத்து விடாதீங்க. நேந்திரங்காய் சிப்ஸ் தின்ன கையைத் துடைக்கவும் அது துண்டு இல்லை. பைக் செயின் கறை பட்டுச்சேன்னு பெட்ரோல் தொட்டுத் தேய்ச்சா கதை முடிஞ்சுது. பச்சைத் தண்ணி, லேசான சோப்பு, மெத்துன்னு ஒரு துணி, அவ்வளவு போதும். வாஷிங் மெஷின், பிரஷ், அயர்ன் பாக்ஸ் மூணும் வேணாம்.

சாரல் விட்டு அஞ்சு நிமிஷம் வெயில் எட்டிப் பார்த்ததும் மொட்டை மாடிக்கு ஓடுறீங்களே, அதுவும் தப்பு. வெயில்தான் ரப்பரை வெடிக்க வைக்கும். நிழல்ல முதல்ல உள்பக்கம், அப்புறம் வெளிப்பக்கம் காய விடுங்க. நல்லாக் காய்ஞ்சதும் டால்கம் பவுடர் தூவி, மடிக்காமத் தொங்க விடுங்க. மடிப்புலதான் முதல் விரிசல் வரும். செம்பு, பித்தளை பட்டாலும் ரப்பர் சீக்கிரம் கெடும். பாச்சை உருண்டையையும் பக்கத்துல சேர்க்காதீங்க.

சினிமாவுல பளபளன்னு உடம்போட ஒட்டி வர்ற லேடக்ஸ் டிரெஸ்ஸும் இதே மரத்துப் பால்தான். ஊசி போட்ட ஓட்டையிலிருந்து கிழியும்னு அதைத் தைக்காமப் பசை வச்சு ஒட்டுவாங்க. பவுடர் போட்டுத்தான் உள்ள நுழையணும். காத்தே போகாது. பார்க்க ஜோர், நம்ம ஊர்ப் புழுக்கத்துக்கு அவியல்!

ஒரு விஷயம் மட்டும் சீரியஸா. லேடக்ஸ் கையுறை, நீச்சல் தொப்பி பட்டா அரிப்பு, தடிப்பு வருதா? வாழைப்பழம், கிவி தின்னாலும் வாய் நமநமங்குதா? ரெண்டுக்கும் தொடர்பு இருக்கலாம். மூச்சுத் திணறல் வரைக்கும் போகக்கூடிய அலர்ஜி அது. நர்சிங், லேப் டெக்னீஷியன் படிக்கிறவங்க டாக்டர்கிட்ட அவசியம் காட்டுங்க. லேடக்ஸ் இல்லாத நைட்ரைல் கையுறை கிடைக்குது.

ரப்பர் கோட்டு கிழிஞ்சா ஊசியைத் தேடாதீங்க. தச்ச ஓட்டை வழியா தண்ணி இறங்கும். நேரா சைக்கிள் கடைக்குப் போங்க. உப்புத்தாள்ல லேசாத் தேய்ச்சு, சொல்யூஷன் தடவி, கையில ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டு, ட்யூப் துண்டை வச்சு அமுக்கிக் கொடுப்பார் அண்ணாச்சி. பிவிசி கோட்டைக் கொண்டு போய் நீட்டினா மட்டும் மேலயும் கீழயும் பார்ப்பார்!