நாற்பது விநாடி தூரம்

2001 ஜனவரி 26. குடியரசு தின விடுமுறை. காலை 8.46 மணிக்கு குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் பச்சாவ் அருகே, பூமிக்கடியில் சுமார் 20 கி.மீ. ஆழத்தில் பாறை உடைந்தது. அந்த நொடியில் சுமார் 240 கி.மீ. தள்ளியிருந்த அகமதாபாதில் டம்ளர் தண்ணீர்கூட அசைந்திருக்காது. முதல் அதிர்வு நகரை எட்ட ஏறக்குறைய 40 விநாடி தேவை. பெரிய உலுக்கல் வர மேலும் 30 விநாடி. அது ஓய்ந்தபோது பல அடுக்குமாடிக் குடியிருப்புகள் கான்கிரீட் குவியலாகக் கிடந்தன. அந்த நகரில் மட்டும் 700 பேருக்கு மேல் இறந்தார்கள். குஜராத் முழுவதும் பலி எண்ணிக்கை, கணக்குக்குக் கணக்கு மாறுபட்டு, 13,800லிருந்து 20,000 வரை போகிறது.

பாறை உடைந்தது ஓரிடத்தில். வீடு சரிந்தது வேறிடத்தில். இரண்டையும் இணைத்தது அலை.

பாறை ஏன் உடைகிறது? இந்தியாவைச் சுமக்கும் நிலத்தட்டு ஆண்டுக்கு சுமார் 5 செ.மீ. வீதம் வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டுகிறது. நகம் வளரும் வேகத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆனால் பாறைப் பிளவின் இரு பக்கங்களும் உராய்வால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, விலக மறுக்கின்றன. வில் வளைவதுபோலப் பாறை மெல்ல வளைகிறது. பல நூறு ஆண்டுகள் சேர்ந்த இறுக்கம், பிடி நழுவியதும் சில விநாடிகளில் விடுபடுகிறது. அதில் ஒரு பகுதி அலையாகக் கிளம்புகிறது.

அந்த அலைகளைப் பிரித்து அறிய உதவியதும் ஓர் இந்திய பூகம்பம்தான். 1897 ஜூன் 12 மாலை ஷில்லாங் பகுதியை ஒரு பெரும் பூகம்பம் தரைமட்டமாக்கியது. அதை ஆராய்ந்தவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஆர்.டி. ஓல்டாம். பல ஆயிரம் கி.மீ. அப்பால் இத்தாலியில் இருந்த கருவிகளிலும் அந்த அதிர்வு பதிவாகியிருந்தது. பதிவுக் கோடுகளில் அதிர்வு ஒரே வீச்சில் வரவில்லை, மூன்று தவணையாக வந்திருந்ததை அவர் கவனித்தார். 1906இல் இதே வழியில், பூமிக்கு நடுவே தனியாக ஒரு கரு உண்டு என்றும் காட்டினார்.

முதல் தவணை, முதன்மை அலை. எஞ்சின் பின்னால் இடித்தால் முட்டல் பெட்டி பெட்டியாகக் கடைசிவரை போவதுபோல, பாறையை நெருக்கியும் தளர்த்தியும் விநாடிக்கு சுமார் 6 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. இரண்டாவது அலை, கயிற்றை உதறினால் நெளிவதுபோலப் பாறையைக் குறுக்கே அசைக்கிறது. வேகம் சுமார் 3.5 கி.மீ.தான். திரவத்துக்குள் நுழையவே முடியாது. மூன்றாவது, நிலத்தின் மேற்பரப்பை ஒட்டியே தவழும் அலை. கடைசியில் வந்தாலும் நீண்ட நேரம் ஆட்டும்.

முதலிரண்டு அலைகளுக்கும் உள்ள இடைவெளியே தூரத்தைச் சொல்லிவிடும். இடி முழக்கத்துக்கும் மின்னலுக்கும் போடும் கணக்குதான். ஒரு விநாடிக்கு சுமார் 8 கி.மீ. மூன்று நிலையங்களில் இப்படிக் கணக்கிட்டு வட்டம் போட்டால், அவை சந்திக்கும் இடம் பூகம்ப மையம்.

ஆனால் தூரம் அதிகமானால் ஆபத்து குறையும் என்று நம்பியிருக்க முடியாது. அகமதாபாத் சபர்மதியின் வண்டல் மேல் நிற்கிறது. இறுகிய பாறையைவிடத் தளர்ந்த மண்ணில் அலை வேகம் இழக்கிறது. ஆட்டமோ பெருக்கிறது. இடிந்த குடியிருப்புகள் பலவற்றில் தரைத்தளம் கார் நிறுத்தச் சுவரின்றி விடப்பட்டிருந்தது. மேலே சுவர்களின் கனம், கீழே வெறும் தூண்கள். ஆட்டத்தில் முதலில் ஒடிந்தவை அந்தத் தூண்களே. பூகம்பம் தாங்கும் கட்டடத்துக்கான இந்தியத் தர விதி 1962இலேயே வந்துவிட்டது. பல கட்டடங்கள் அதன்படி எழும்பவில்லை.

பூகம்பத்தின் அளவைவிடக் கூரையின் கனம் கொடியது என்பதற்கு இன்னொரு சாட்சி மகாராஷ்டிரத்தின் கில்லாரி. 1993 செப்டம்பர் 30 அதிகாலை, விநாயகர் சிலைகளைக் கரைத்துவிட்டு வந்து ஊர் உறங்கிக்கொண்டிருந்தபோது நிலம் அதிர்ந்தது. அளவு 6.2. கட்ச் பூகம்பத்தின் 7.7 அளவோடு ஒப்பிட்டால் வெளிப்பட்ட ஆற்றல் நூற்றைம்பதில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும் லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களில் ஏறக்குறைய 10,000 பேர் மாண்டார்கள். மண் சாந்தில் அடுக்கிய தடித்த கல்சுவர்களும், அவற்றின் மேல் ஏற்றிய மண் கூரைகளும் உறங்கியவர்கள் மேலேயே விழுந்தன. அந்தப் பகுதி அன்றைய வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் இருந்தது. 2002இல் திருத்திய வரைபடத்தில் முதல் மண்டலம் என்பதே இல்லை.

அலைகளுக்கிடையேயான இடைவெளியையே காவலாக்கும் முயற்சியும் உண்டு. முதல் அலையைக் கருவி உணர்ந்ததும் மின்னணுச் செய்தி பறக்கிறது. அது எந்த நில அலையையும் முந்திவிடும். ஜப்பானில் 2007 முதல் பொதுமக்களுக்கு இப்படி எச்சரிக்கை தரப்படுகிறது. உத்தராகண்டில் 2021இல் ரூர்க்கி ஐ.ஐ.டி. உருவாக்கிய கைபேசிச் செயலி அறிமுகமானது. இது ஜோசியமல்ல. பூகம்பம் எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல இன்றுவரை வழியில்லை. கிளம்பிவிட்ட அலை வந்து சேருமுன் கிடைக்கும் சில விநாடிகள்தான் லாபம். மையத்துக்கு மிக அருகில் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை.

அந்த விநாடிகளில் ரயிலை நிறுத்தலாம், எரிவாயுவை மூடலாம், மேஜைக்கடியில் புகலாம். நான்காம் மாடியிலிருந்து பாட்டியை இறக்கிக்கொண்டு வர முடியாது. அவரைக் காப்பாற்ற வேண்டியது தூணுக்குள் இருக்கும் கம்பி.

1897 பூகம்பத்துக்குப் பின் ஷில்லாங் மீண்டும் கல்வீடு கட்ட அவசரப்படவில்லை. மரச்சட்டம், நாணல் தட்டி மேல் பூச்சு, தகரக் கூரை என எடை குறைந்த 'அஸ்ஸாம் வீடு' அங்கே பரவியது. ஓல்டாமின் அறிக்கையைப் படிக்காதவர்களும் அந்தப் பாடத்தைப் படித்திருந்தார்கள்.