குப்பைக்கும் சாம்பிள் பார்ப்போம்



மிளகாய் லோடு வந்து இறங்கினால் நாம் என்ன செய்கிறோம்? நாலைந்து மூட்டையைக் குத்திச் சாம்பிள் எடுத்து, ஈரம், காம்பு, மண் எவ்வளவு என்று பார்த்த பிறகே விலை பேசுகிறோம். நாம் கட்டும் வரியிலும் குப்பைக் கட்டணத்திலும் நகராட்சிகள் இயந்திரம் வாங்கும்போது, அதில் விழப்போகும் சரக்கு இன்னதென்று பார்க்க வேண்டாமா?

தில்லி திமர்பூரில் 1987-ஆம் ஆண்டு டென்மார்க் தொழில்நுட்பத்தில் ஓர் ஆலை கட்டினார்கள். தினம் 300 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுப்பது திட்டம். வந்து சேர்ந்ததோ ஈரமும் மண்ணும் சாம்பலும். எரிவதற்கு வேண்டிய வெப்பத்தில் ஏறக்குறைய பாதிதான் அந்தக் குப்பையில் இருந்தது. சில ஆண்டுகளிலேயே ஆலையை மூடிவிட்டார்கள். கோடிக்கணக்கான ரூபாய் போயிற்று.

சாம்பிள் எடுப்பதிலும் சூட்சுமம் உண்டு. தெருமுனைத் தொட்டியில் அள்ளினால் கணக்கு தப்பும். அட்டை, பாட்டில், இரும்பை அதற்குள் பொறுக்கியிருப்பார்கள். தெரு கூட்டிய மண்ணும் சேர்ந்திருக்கும். ஆகவே வீட்டு வாசலிலேயே வாங்க வேண்டும். வாங்கியதைக் கொட்டிக் கலந்து, குவித்து, நான்கு பங்காக்கி, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளிவிட வேண்டும். மீதியையும் இப்படியே குறைத்து, கடைசியில் நிற்பதைக் கையால் பிரித்து வகைவாரியாக நிறுக்க வேண்டும். மழையில் ஒரு முறை, வெயிலில் ஒரு முறை. மாம்பழக் காலத்துக் குப்பையும் ஆயுதபூஜை மறுநாள் குப்பையும் ஒன்றா என்ன?

நம் வீட்டுக் குப்பையை ஒரு வாரம் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தோம். (வீட்டார் சிரித்தது வேறு விஷயம்.) எடையில் பெரும்பகுதி காய்கறித் தோலும் மீந்த சோறும்தான். அதை எரிப்பதற்கு இயந்திரம் எதற்கு, உரக்குழி போதுமே! மிச்சத்தைப் பிரித்தபோதுதான் நமக்கே வெட்கமாகிவிட்டது. ஷாம்பு, மசாலா, காப்பித்தூள் என்று காலி பாக்கெட்டுகள். எடையில் அற்பம், எண்ணிக்கையில் ஏராளம். பழைய பேப்பர்காரரும் தொடாத சரக்கு. சரம் சரமாகத் தொங்கவிட்டு விற்றவர்கள் நாம்தான். 2019-ல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தபோது அவ்வளவு பேசிய நாம், இந்தப் பாக்கெட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கம்பெனி ஏஜெண்டுகளிடம் ஒரு வார்த்தை கேட்டோமா?

அடுத்து எந்த இயந்திரத்துக்கு டெண்டர் விடுவதாக இருந்தாலும், முதலில் குப்பையை நிறுத்துக் கணக்கைக் காட்டுங்கள் என்று சங்கம் நகராட்சியிடம் மனு கொடுக்க வேண்டும். பெரிய தராசும் இரண்டு லோடுமேன்களும் நம் மண்டியிலிருந்து ஒரு வாரத்துக்கு அனுப்புகிறோம். கூலி நம்முடையது.