இணையரின் உணர்வு நுண்ணறிவை அளக்கும் முன்

சிட்னியிலும் மெல்பேர்னிலும் தமிழ்க் குடும்பங்களோடு பணியாற்றும் உளவளத்துணையாளர், உளவியலாளர், சமூகப் பணியாளர் யாருக்கும் உணர்வு நுண்ணறிவு வினாத்தாள் ஒன்று இன்று எளிதில் கிடைத்துவிடுகிறது. கணவனும் மனைவியும் தனித்தனியே நிரப்புகிறார்கள். இருவருக்கும் ஒவ்வொரு மதிப்பெண் வருகிறது. குறைவாக வாங்கியவரே குடும்பச் சிக்கலுக்குக் காரணம் என்ற எண்ணம், யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே அந்த அறையில் நிலைத்துவிடுகிறது. இந்தப் பழக்கத்தை நாம் கைவிட வேண்டும். அளவிடுவதே தவறு என்பது இதன் பொருளல்ல. எதை அளக்கிறோம், எந்த மொழியில் அளக்கிறோம், எதை முடித்துவிட்டு அளக்கிறோம் என்ற மூன்றையும் சரிசெய்யாமல் அளப்பது தீங்கு செய்யும் என்பதே நமது நிலைப்பாடு.

கருவிகளின் கதையை முதலில் நினைவில் கொள்வோம். பீட்டர் சலோவேயும் ஜான் மேயரும் 1990-இல் உணர்வு நுண்ணறிவை ஆய்வுலகில் வரையறுத்தார்கள். 1995-இல் வந்த டேனியல் கோல்மனின் நூல் அதை வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் கொண்டுபோனது. அதன்பின் அளவீடு இரண்டு வழியாகப் பிரிந்தது. ஒன்று, தன்னைப் பற்றித் தானே சொல்லும் வினாத்தாள். நிக்கோலா ஷூட்டேயும் உடனாய்வாளர்களும் 1998-இல் வெளியிட்ட 33 கூற்றுகள் கொண்ட அளவுகோல் இந்த வகை. அவரும் ஜான் மலூஃபும் பின்னர் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் ஆர்மிடேலில் உள்ள நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகத்தில் இதைத் தொடர்ந்தார்கள். மெல்பேர்னில் சுவின்பர்ன் பல்கலைக்கழகத்தின் கான் ஸ்டவ், பெஞ்சமின் பாமர் ஆகியோர் பணியிடத்துக்கான அளவுகோலை உருவாக்கினார்கள். இரண்டாவது வழி, கணக்குத் தேர்வு போல விடை கேட்கும் திறன் தேர்வு. மேயர், சலோவே, கருசோ மூவரின் 141 வினாக்கள் கொண்ட தேர்வு 2002-இல் வந்தது. சிட்னி பல்கலைக்கழகத்தின் கரோலின் மக்கேன், ரிச்சர்ட் ராபர்ட்ஸுடன் சேர்ந்து 2008-இல் வெளியிட்ட இரு சூழ்நிலைத் தேர்வுகளும் இந்த வழியைச் சேர்ந்தவை. இந்தத் துறையின் முக்கியமான வேலைகளில் சில நாம் வாழும் நகரங்களிலேயே நடந்திருக்கின்றன.

இரண்டு வழிக்கும் எல்லை உண்டு. தன்மதிப்பீட்டு வினாத்தாள் ஒருவர் தன் திறமை பற்றி வைத்திருக்கும் நம்பிக்கையை அளக்கிறது. வீட்டில் எதிர்ப்பேச்சே கேட்டிராத ஒருவர் அதில் உயர்ந்த மதிப்பெண் வாங்குவது வியப்பில்லை. திறன் தேர்விலோ எது சரியான விடை என்பதை யார் முடிவு செய்தார்கள் என்று கேட்க வேண்டும். 141 வினாத் தேர்வில் ஒரு வழி பெரும்பான்மையோர் கொடுத்த விடையையே சரியானதாகக் கொள்கிறது. மறு வழி 21 ஆய்வாளர்கள் கொண்ட குழுவின் தீர்ப்பு. அந்தப் பெரும்பான்மையில் பெரும்பாலோர் வட அமெரிக்கர். மாமியார் முன்னிலையில் மனைவியின் முகம் ஏன் இறுகுகிறது, மூத்தவர் பேசும்போது இளையவர் ஏன் கண்ணைத் தாழ்த்துகிறார் என்பவற்றுக்கு அந்தப் பெரும்பான்மையிடம் விடை இருக்காது.

மக்கேனின் தேர்வுகளில் ஒன்று, எந்தச் சூழ்நிலையிலிருந்து எந்த உணர்ச்சி பிறக்கும் என்று கேட்கிறது. இந்த வகைக் கேள்வி தமிழுக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எந்த நான்கு நிலைக்களங்களில் பிறக்கிறது என்றும் வகுக்கிறது. அழுகைக்கு அது தரும் நான்கும் நம் தொழிலில் அன்றாடம் உதவும்: பிறர் இழிவுபடுத்துவது, உறவையும் உடைமையையும் இழப்பது, முன்பிருந்த நிலை கெட்டுத் தாழ்வது, வறுமை. மூன்றாவதை அது அசைவு என்கிறது. யாழ்ப்பாணத்தில் ஊரே மதித்த ஆசிரியர், வெஸ்ட்மீடில் இரவுநேரக் காவலாளியாக நிற்கிறார். சென்னையில் குழுவை நடத்திய பொறியாளர், டாண்டினாங்கில் கிடங்கு வேலைக்குப் போகிறார். அவரது துயரம் நம் முன்னால் அழுகையாக வருவதில்லை. சாப்பாட்டில் உப்பில்லை என்ற கோபமாகவும், மனைவியின் சம்பளம் பற்றிய குத்தலாகவும், பல நாள் பேசாமையாகவும் வருகிறது. கோபத்தை மட்டும் பார்த்து உணர்வைக் கையாளத் தெரியாதவர் என்று எழுதிவிட்டால் அசைவைத் தவறவிட்டுவிடுகிறோம். அசைவைக் கண்டுகொள்வது, அவர் வீட்டில் காட்டும் கோபத்துக்கு மன்னிப்பு வழங்குவதாகவும் ஆகாது.

வாழ்ந்த வாழ்க்கையின் சுமை எவ்வளவு என்பதற்கு ஆஸ்திரேலியத் தமிழரிடமே எடுத்த சான்று இருக்கிறது. சாக்கரி ஸ்டீல், டெரிக் சிலோவே உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1999-இல் வெளியிட்ட ஆய்வில் இங்கே வாழ்ந்த 196 தமிழர் பங்கேற்றார்கள்: புகலிடம் கோரியோர், ஏதிலிகள், குடிபெயர்ந்தோர். மனவடு அறிகுறிகளின் வேறுபாட்டில் 20 விழுக்காட்டைப் புலம்பெயருமுன் கண்ட கொடுமைகளும், 14 விழுக்காட்டை இங்கு வந்தபின் ஏற்பட்ட நெருக்கடிகளும் விளக்கின. விசா, வேலை, குடும்பப் பிரிவு ஆகியவை போரின் நினைவுக்குப் பக்கத்திலேயே நிற்கின்றன என்பதே இதன் பொருள். படகில் வந்து தற்காலிகப் பாதுகாப்பு விசாக்களில் ஆண்டுகளைக் கழித்தவர்களுக்கு 2023 பிப்ரவரியில் நிரந்தர வதிவுரிமைக்கு வழி திறந்தது. அதன்பின் பத்தாண்டுக்கு மேல் கைபேசித் திரையில் மட்டும் குடும்பம் நடத்திய கணவன் மனைவியர் ஒரே கூரையின் கீழ் வாழும் வாய்ப்பும் திறந்திருக்கிறது. அப்படிச் சேரும் இருவரிடம் முதல் மாதத்திலேயே வினாத்தாளை நீட்டினால், பிரிவின் தழும்பைத்தான் அளப்போம். அவர்களின் திறமையை அளக்க மாட்டோம்.

உறவுகள் பற்றிய ஆய்வு என்ன சொல்கிறது? ஷூட்டே, மலூஃப், தோர்ஸ்டைன்சன் மூவரும் 2014-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தன்மதிப்பீட்டு உணர்வு நுண்ணறிவுக்கும் காதல் உறவின் நிறைவுக்கும் மிதமான தொடர்பு இருந்தது. மார்க் பிராக்கெட்டும் உடனாய்வாளர்களும் 2005-இல் 86 இணையரிடம் திறன் தேர்வு நடத்தினார்கள். இருவரும் குறைவாக வாங்கிய இணையரின் உறவே மிகவும் நலிந்திருந்தது. ஆனால் இருவரும் உயர்வாக வாங்கிய இணையர், ஒருவர் மட்டும் உயர்வாக வாங்கிய இணையரைவிட எல்லா வகையிலும் மேலாக இருக்கவில்லை. ஒருவரது திறமையே உறவைத் தாங்கிப்பிடிக்கக்கூடும் என்பது நம்பிக்கை தரும் செய்தி. நம் சமூகத்தில் அதற்கு ஓர் ஆபத்தும் உண்டு. அந்த ஒருவர் பெண்ணாகவே இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் தீர்மானித்துவிடுவார்கள். 'நீதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்' என்ற பழைய அறிவுரைக்கு நம் வினாத்தாள் புதிய சான்றிதழ் ஆகிவிடக் கூடாது.

இதனால்தான் பாதுகாப்பு முதலில் வருகிறது. உணர்ச்சிகளைப் படிக்கத் தெரிந்தவர் எல்லோரும் நல்லவராக நடந்துகொள்வதில்லை. எடின்பரோவின் எலிசபெத் ஆஸ்டினும் உடனாய்வாளர்களும் 2007-இல், பிறர் உணர்ச்சிகளைத் தன் ஆதாயத்துக்கு வளைக்கும் போக்கை அளக்கவென்றே ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். மனைவிக்கு எது அச்சம், எது அவமானம் என்று துல்லியமாக அறிந்த கணவன், அந்த அறிவைக் கொண்டே அவளை அடக்கிவைக்க முடியும். நியூ சவுத் வேல்ஸில் 2024 ஜூலை 1 முதல், இணையரையோ முன்னாள் இணையரையோ தொடர்ந்து வற்புறுத்திக் கட்டுப்படுத்துவது தனிக் குற்றம். ஏழாண்டு வரை சிறை உண்டு. விக்டோரியாவின் 2008-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில், வரதட்சணைக் கொடுமை 2019 முதல் குடும்ப வன்முறைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டிருக்கிறது. 2025 ஜூன் 10 முதல் கூட்டாட்சிக் குடும்பச் சட்டமும் பொருளாதார வன்முறையையும் அதில் அடங்கும் வரதட்சணைக் கொடுமையையும் பெயர்சொல்லிக் குறிக்கிறது. இவற்றை அறியாமல் இணையர் அறையின் கதவைத் திறக்கக் கூடாது.

ஆகவே இருவரையும் முதலில் தனித்தனியே பாருங்கள். வங்கிக் கணக்கு, சம்பள அட்டை, கடவுச்சீட்டு யார் கையில்? கைபேசியை யார் திறந்து பார்க்கிறார்? ஊருக்குப் பேச அனுமதி கேட்க வேண்டியிருக்கிறதா? நகை எங்கே? விசாவைக் காட்டி மிரட்டல் நடக்கிறதா? இவற்றை நேரடியாகக் கேளுங்கள். விக்டோரியாவில் பணிபுரிவோர் மாரம் என்ற இடர் மதிப்பீட்டுச் சட்டகத்தின்படி நடக்க வேண்டும். அச்சம் இருப்பதாகத் தெரிந்தால் இணையர் பயிற்சியைத் தொடங்காதீர்கள். அச்சத்தில் வாழும் பெண்ணுக்குப் பரிவு கற்பிப்பது அவரது தற்காப்பைப் பறிப்பதாகும். 1800 737 732 என்ற தேசிய உதவி எண்ணையும், துணைவர் விசாவில் இருப்பவருக்குக் குடிவரவுச் சட்டத்தில் குடும்ப வன்முறைப் பாதுகாப்பு ஏற்பாடு இருப்பதையும் அவருக்குச் சொல்லுங்கள். வன்முறை செய்யும் ஆண்களுக்கு நடத்தை மாற்றத் திட்டங்கள் இருக்கின்றன. ஆண்களுக்கான பரிந்துரைச் சேவையின் எண் 1300 766 491.

அச்சம் இல்லை என்று உறுதியான பிறகே மதிப்பீடு. அது வீட்டில் சண்டை நடக்கும் மொழியில் நடக்க வேண்டும். அலுவலக ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசும் ஒருவர் வீட்டுத் தமிழில் வேறு ஆளாக இருக்கலாம். திருக்குறளில் குறிப்பறிதல் என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. 71-ஆவது பொருட்பாலில், அவையிலும் அரசிலும் முகம் படிப்பது பற்றியது; 110-ஆவது இன்பத்துப்பாலில், காதலரின் பார்வை பற்றியது. ஓரிடத்தில் தேர்ந்தவர் மற்றோரிடத்திலும் தேர்ந்தவராக இருப்பார் என்று நாமும் கருதிவிடக் கூடாது. பணியிடத்துக்கென உருவான அளவுகோலைக் கணவன் மனைவிக்கு அப்படியே கொடுப்பதும் இதே பிழைதான்.

மதிப்பெண்ணோடு நிற்காமல், கடந்த வாரத்தில் நடந்த ஒரே ஒரு சச்சரவை எடுத்துக்கொண்டு இருவரிடமும் தனித்தனியே நான்கு கேள்விகள் கேட்கலாம். அப்போது உங்கள் உடம்பில் என்ன நடந்தது? எதனால் அப்படி ஆயிற்று? அவருக்கு அப்போது எப்படி இருந்திருக்கும்? பிறகு என்ன செய்தீர்கள்? உணர்வைக் கண்டறிதல், அதன் காரணத்தை உணர்தல், மற்றவரைப் படித்தல், கையாளுதல் ஆகிய நான்கும் இதில் வந்துவிடும். உடம்பிலிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம்மவர்கள் வயிறு எரிகிறது, நெஞ்சு படபடக்கிறது, தலை விறைக்கிறது என்றே சொல்லிப் பழகியவர்கள். தேநீர் போடாமல் விடுவதும் சோற்றை ஒதுக்கிவைப்பதும் கூடப் பேச்சுதான். பேசாமையின் பொருளையும் ஊகிக்காமல் கேளுங்கள்: அது மரியாதையா, களைப்பா, தண்டனையா? மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் 131 450 என்ற தொலைபேசி எண் வழியே ஏற்பாடு செய்யுங்கள். பிள்ளையையோ உறவினரையோ ஒருபோதும் அந்த இடத்தில் அமர்த்தாதீர்கள்.

வளர்க்க முடியுமா என்ற கேள்விக்கு, முடியும் என்பதே சான்றுகளின் விடை. டெல்ஃபின் நெலிஸும் உடனாய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டரை மணி நேரம் வீதம் நான்கு அமர்வுகளுக்குப் பின் உணர்ச்சியைக் கண்டறியும் திறனும் கையாளும் திறனும் உயர்ந்தன. ஆறு மாதத்துக்குப் பிறகும் அந்த உயர்வு நிலைத்தது. பங்கேற்றவர்கள் மாணவர்கள் என்பதால் அதை நம் இணையருக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் குறுகிய, திட்டமிட்ட பயிற்சி பயன் தரும் என்பதற்கு அது போதிய ஊக்கம். சண்டையில் உடல் கொதித்துவிட்டால் குறைந்தது 20 நிமிடம் விலகியிருந்து திரும்ப வேண்டும் என்ற ஜான் காட்மனின் அறிவுரையை எல்லா இணையருக்கும் கற்றுக்கொடுக்கலாம். திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டு விலகுவதுதான் அதன் உயிர். சொல்லாமல் வெளியேறினால் மற்றவருக்கு அது கைவிடுதலாகவே தெரியும். உணர்வைச் சொல்லப் பழக்கும்போது பாடநூல் வாக்கியங்களை ஒப்பிக்க வைக்காதீர்கள். 'எனக்கு மனசு கஷ்டமா இருக்கு', 'எனக்குப் பயமாக் கிடக்கு' என்று அவரவர் பேச்சில் வரட்டும். வாரம் ஒரு பழக்கம் போதும். அதைக் கடைப்பிடித்தார்களா என்று அடுத்த அமர்வில் இருவரிடமும் கேளுங்கள். ஒருவரின் உழைப்பு மட்டும் கூடிக்கொண்டே போனால் அதைச் சுட்டிக்காட்டுங்கள்.

2021 கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோர் 95,000-க்கும் மேல். அவர்களுக்குத் தேவைப்படுவது மேசையில் மொழிபெயர்த்த வினாத்தாள் அல்ல. ஈழப் பேச்சும் தமிழகப் பேச்சும் தெரிந்தவர்கள் எழுதி, பென்டில் ஹில்லிலும் நோபல் பார்க்கிலும் வாழும் குடும்பங்களிடம் சோதித்து, நம்பகத்தன்மையும் ஏற்புடைமையும் நிறுவப்பட்ட ஒரு தமிழ்க் கருவிதான் தேவை. பல்கலைக்கழகங்களில் ஆய்வு செய்யும் தமிழ் மாணவர்கள் இதைத் தங்கள் பட்ட ஆய்வாக எடுத்துக்கொள்ள வேண்டும். துறையில் மூத்தவர்கள் அவர்களுக்கு வழிகாட்ட வேண்டும். அதுவரை நாம் அனைவரும் மூன்று ஒழுங்குகளைக் கடைப்பிடிப்போம். பாதுகாப்பை விசாரிக்காமல் எந்த இணையரையும் சேர்த்து உட்கார வைப்பதில்லை. தமிழரிடம் சோதிக்கப்படாத அளவுகோலின் மதிப்பெண்ணை நீதிமன்ற அறிக்கையிலோ குடும்பத்தார் முன்னிலையிலோ தீர்ப்பாகச் சொல்வதில்லை. ஒருவரின் பொறுமையை மட்டும் வளர்த்துவிட்டு உறவு வளர்ந்ததாகக் குறிப்பேட்டில் எழுதுவதில்லை.