தசைத் துண்டுக்கு முன் ரத்தப் பரிசோதனை

டுஷேன் தசைச்சிதைவு நோயை உறுதிசெய்ய ஒரு காலத்தில் சிறுவனின் தொடையைக் கீறித் தசைத் துண்டு எடுக்க வேண்டியிருந்தது. இன்று சில மில்லிலிட்டர் ரத்தமே பெரும்பாலும் போதும். இந்நோய்க்குக் காரணமான டிஸ்ட்ரோஃபின் மரபணுவில் எக்ஸான் எனும் 79 பகுதிகள் உண்டு. நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு அவற்றில் ஒன்றோ பலவோ விடுபட்டிருக்கும். எம்.எல்.பி.ஏ. சோதனை அதைக் காட்டிவிடும். அதில் சிக்காத நுண்மாற்றங்களுக்கு மரபணு வரிசைப்படுத்தல். இரண்டும் கைவிட்டால்தான் தசைத் துண்டு. இந்தச் சோதனைகளுக்கு, ஓசூர்ப் பக்கத்து உத்தனப்பள்ளிக்காரர்களுக்கு நிம்ஹான்ஸ் மருத்துவமனை தொலைவில்லை. பெங்களூரில் ஓசூர் சாலையிலேயே இருக்கிறது. ஆனால் அங்கே போகச் சொல்ல ஆள் வேண்டும். கெண்டைக்கால் பருத்து, அடிக்கடி விழும் பையனுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தத்தில் சி.கே. (தசைச் சேதத்தைக் காட்டும் நொதி) அளவு பார்க்க எழுதிக்கொடுப்பது பெரிய செலவல்ல. அக்கா மகளைக் கட்டும் வழக்கமுள்ள இப்பகுதியில் இந்நோய்க்கான எல்லாப் பழியும் உறவுத் திருமணத்தின்மேல் விழுகிறது. இடுப்பு, தோள் தசைகளைத் தாக்கும் வேறு பல தசைச்சிதைவு வகைகளில் அதற்குப் பங்குண்டு. டுஷேன் அப்படியல்ல: எக்ஸ் குரோமோசோம் வழியே தாயிடமிருந்து வரலாம், புதிதாகவும் தோன்றலாம். எந்த மரபணு என்று தெரிந்த பிறகுதான் தாய்க்கும் சகோதரிகளுக்கும் சோதனை செய்து, அடுத்த கர்ப்பம் குறித்துத் தெளிவாக ஆலோசனை சொல்ல முடியும்.