அம்மாவின் தலை எங்கே?

1988 ஜனவரி. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ரிவர்சைடு என்ற ஊர். ஒரு கட்டடத்துக்குள் சோதனை வாரன்ட்டோடு அதிகாரிகள் நுழைகிறார்கள். பணத்தையோ நகையையோ தேடி அல்ல. இறந்துபோன ஒரு மூதாட்டியின் தலையைத் தேடி!

கேட்கவே குலை நடுங்குகிறது, இல்லையா? ஆனால், இதன் பின்னால் இருப்பது ஒரு மகனின் ஆசை.

மூதாட்டியின் பெயர் டோரா கென்ட். வயது 83. மகன் சால் கென்ட், 'கிரையோனிக்ஸ்' மீது தீராத நம்பிக்கை கொண்டவர். இறந்தவரின் உடலையோ, மூளை இருக்கும் தலையை மட்டுமோ, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் பாதுகாப்பதுதான் கிரையோனிக்ஸ். என்றாவது ஒருநாள் மருத்துவம் வளர்ந்து இவர்களை எழுப்பிவிடும் என்பது கணக்கு. இதுவரை அப்படி எழுந்து வந்தவர் ஒருவர்கூட இல்லை.

1987 டிசம்பரில், நர்ஸிங் ஹோமில் இருந்த அம்மாவை 'ஆல்கார்' என்ற கிரையோனிக்ஸ் அமைப்பின் இடத்துக்கே கொண்டுவந்தார் மகன். அங்கேயே அவர் உயிர் பிரிந்தது. தலையைத் தனியே எடுத்து உறைய வைத்தார்கள். வினை எங்கே வந்தது தெரியுமா? உயிர் பிரிந்த நேரத்தில் பக்கத்தில் டாக்டர் யாரும் இல்லை.

அங்கே சந்தேக மரணங்களை விசாரிப்பவர் 'கொரோனர்' என்ற அதிகாரி. தலையில்லாத உடலைப் பரிசோதித்தபோது, அதில் பார்பிச்சுரேட் என்ற தூக்க மருந்து இருப்பது தெரிந்தது. 'இறந்த பிறகு மூளையைக் காப்பாற்றக் கொடுத்த மருந்து அது' என்றது ஆல்கார். 'உயிர் இருக்கும்போதே கொடுத்திருந்தால்?' என்பது கொரோனர் தரப்பின் சந்தேகம். தலையையும் கொண்டுவரச் சொன்னார்கள்.

போஸ்ட்மார்ட்டம் என்றால் மண்டையைத் திறந்து மூளையை வெளியே எடுத்து அறுத்துப் பார்ப்பார்கள். உறைந்த மூளையை அதற்காக உருக வைத்தாலே, மகனின் நம்பிக்கை அத்தோடு முடிந்தது. ஆகவே தலையை ஒளித்துவிட்டார்கள். ஆல்கார் ஆட்கள் சிலருக்குக் கைவிலங்கு விழுந்தது. தலை மட்டும் கிடைக்கவே இல்லை. கடைசியில் அதை உருக வைக்கக் கூடாது என்று நீதிமன்றம் தடை விதித்தது. கொலை வழக்கு எதுவும் யார் மீதும் தொடரப்படவில்லை.

இதே மாநிலத்தில் இன்னொரு வழக்கு. தாமஸ் டொனால்ட்சன் என்ற கணித அறிஞருக்கு மூளையில் கட்டி. கட்டி மூளையை அழிக்கும் முன்பே, உயிரோடு இருக்கும்போதே தன்னை உறைய வைக்க வேண்டும்; கொரோனர் தன்னை அறுக்கக் கூடாது என்று நீதிமன்றத்தில் கேட்டார். 1992-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது.

யார் பக்கம் நியாயம்? என் உடல் என் உரிமை என்பது சரிதான். நாம் நம்பாத ஒன்றை அடுத்தவர் நம்பினால், அதைக் கேலி செய்ய வேண்டியதும் இல்லை. அவர்களுக்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். பிணவறையில் ஓரிரு நாள் கிடந்தாலே மூளை கெட்டுவிடும்.

ஆனால், வயதான ஒரு தாய் எப்படி இறந்தார் என்பதை அவரே வந்து சொல்ல முடியாது. அவருக்காகப் பேச மிச்சம் இருப்பது அந்த உடல் மட்டும்தான். பிள்ளை நல்லவராகவே இருக்கலாம். ஆனால், சட்டம் நல்ல பிள்ளைகளை மட்டும் நினைத்து எழுதப்படுவதில்லையே! சொத்துக்காகப் பெற்றவர்களின் சாவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளும் உலகத்தில் உண்டு.

கலிஃபோர்னியா சட்டம் இதற்கு ஒரு நடுவழி வைத்திருக்கிறது. 'என் மத நம்பிக்கைக்கு போஸ்ட்மார்ட்டம் விரோதமானது' என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி, சாட்சிகளோடு கையெழுத்துப் போட்டு வைக்கலாம். கொரோனர் அதை மதிக்க வேண்டும். ஆனால், குற்றம் நடந்ததாகச் சந்தேகம் வந்தாலோ, தொற்றுநோய் அச்சம் இருந்தாலோ அந்தக் காகிதம் செல்லாது.

எனக்கு இது நியாயமாகவே படுகிறது. நாளைக்கு எழுந்து வருவோம் என்ற நம்பிக்கை பெரியதுதான். இன்றைக்கு எப்படி இறந்தார் என்ற கேள்வி அதைவிடப் பெரியது. டோரா கென்ட்டின் படுக்கை அருகே அன்று ஒரே ஒரு டாக்டர் நின்றிருந்தால், அவருடைய தலையை ஒளித்துவைக்க வேண்டிய நிலை வந்திருக்காது.